டார்க் ரெஞ்ச்: கடலோரத்தில் ஓடித் தேய்ந்த காருக்கு அது எவ்வளவு உதவும்?

அரை அங்குலச் சதுர முனையும் 42 முதல் 210 நியூட்டன் மீட்டர் வரையான அளவெல்லையும் கொண்ட ‘கிளிக்’ வகை டார்க் ரெஞ்ச் (நட்டை எவ்வளவு முறுக்குவிசையில் இறுக்குகிறோம் என்று அளந்து சொல்லும் ஸ்பானர்; முறுக்குவிசையின் அலகுதான் நியூட்டன் மீட்டர்) ஒன்றை நாகர்கோவிலில் ஒரு கருவிக் கடையில் நாலாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவான விலையில் வாங்கினேன். தென்மேற்குப் பருவமழையையும் வடகிழக்குப் பருவமழையையும் அது பார்த்து முடித்த பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். முத்திரைப் பெயரை நான் குறிப்பிடாததற்குக் காரணம் உண்டு. இதே உருவமும் இதே கைப்பிடியும் இதே பிளாஸ்டிக் பெட்டியும் கொண்ட கருவி வெவ்வேறு பெயர்களில் விற்பனைக்கு வருகிறது. ஆகவே பெயரைப் பார்த்து வாங்குவதைவிட, உடலில் பொறித்திருக்கும் அளவெல்லையையும் பெட்டிக்குள் இருக்கும் சோதனைச் சான்றையும் பார்த்து வாங்குவதே பயன் தரும். அந்தச் சான்றில் ஐ.எஸ்.ஓ. 6789 என்ற தரமும், காட்டும் அளவில் 4 சதவீதத்துக்குள் மட்டுமே பிழை இருக்கும் என்ற உறுதியும், அந்தக் குறிப்பிட்ட கருவியின் வரிசை எண்ணும் இருக்க வேண்டும். வரிசை எண் இல்லாத சான்று வெறும் அச்சுத் தாள்.

இக்கருவி வேலை செய்தது குளச்சலுக்கு அருகே நிற்கும் ஓர் ஆல்டோவில். 796 சி.சி. எஞ்சின் கொண்ட பழைய தலைமுறைக் கார் அது. ஓடோமீட்டர் 1,80,000 கிலோமீட்டரைக் கடந்துவிட்டது. இந்த வயதுக் காருக்குச் சர்வீஸ் நிலையத்தில் ஆகும் கூலி, காரின் சந்தை விலையோடு பொருந்துவதில்லை. எனவே ஆயில் மாற்றுவது, பிரேக் பேட் மாற்றுவது, சக்கரத்தைக் காரின் உடலோடு இணைக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் மாற்றுவது போன்ற வேலைகளை வீட்டு முற்றத்திலேயே செய்துகொள்பவர்கள் எங்கள் பகுதியில் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோரிடம் நல்ல ரிங் ஸ்பானர்களும் பாக்ஸ் ஸ்பானர் செட்டும் உண்டு. டார்க் ரெஞ்ச் மட்டும் இருக்காது. இதை வாங்கியபோது, எனக்கு நெடுநாள் பழக்கமான தக்கலை மெக்கானிக் ஒருவர், “மக்கா, முப்பது வருசமா முறுக்குத கைக்குத் தெரியாததையா இந்தக் கம்பி சொல்லப் போவுது?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அவருடைய கைக்குத் தெரியும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் சக்கரத்தைக் கழற்றுகிறவருடைய கைக்குத் தெரியாது என்பதே இக்கருவிக்கான தேவை.

முதலில் வீல் நட்டை எடுத்துக்கொள்வோம். ஆல்டோவின் கையேடு வீல் நட்டுக்குச் சொல்லும் அளவு 85 நியூட்டன் மீட்டர். பழைய கணக்கில் 8.5 கிலோகிராம் மீட்டர். எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் முப்பது சென்டிமீட்டர் நீள வீல் ஸ்பானரின் நுனியில் ஏறி நின்றால் ஏறத்தாழ 206 நியூட்டன் மீட்டர் விழும். சொல்லப்பட்ட அளவைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகம் இது. சாலையோரத்தில் காலால் மிதித்து இறுக்கும் வழக்கம் எவ்வளவு பரவலானது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அவ்வாறு மிதித்து இறுக்கிய நட்டினால், அந்த நட்டு ஏறும் மரைக்கம்பியான வீல் ஸ்டட் நீண்டு பலம் இழக்கிறது. நட்டுகள் ஒன்றுக்கொன்று வேறுபட்ட இறுக்கத்தில் இருந்தால் பிரேக் டிஸ்க் கோணி, பிரேக் மிதிக்கும்போது பெடல் அதிரத் தொடங்குகிறது. மழை நேரத்தில் வழியில் பஞ்சரானால், காருடன் வந்த சிறிய ஸ்பானரால் அந்த நட்டைக் கழற்றவும் முடியாது. ஆகவே டார்க் ரெஞ்ச் என்பது வலுவாக இறுக்குவதற்கான கருவி என்ற எண்ணத்தோடு வாங்குகிறவர் ஏமாந்துபோவார். ஓட்டத்தில் பழகிய காரில் அதன் முதல் பயன், போதும் என்று கையை நிறுத்துவது.

கருவியின் இயக்கம் எளிமையானது. குழாய்க்குள் ஒரு சுருள்வில் இருக்கிறது. கைப்பிடியைத் திருகத் திருக அது அழுந்துகிறது. நட்டை இறுக்கும் விசை அந்த வில்லின் அழுத்தத்தை மீறும் கணத்தில், தலைப்பகுதியோடு இணைந்த நெம்புகோல் ஒரு சிறு கோணம் விலகிக் குழாயின் உட்சுவரில் தட்டுகிறது. காதில் விழும் ‘கிளிக்’ அதுதான். இதில் பலர் கவனிக்காத ஒன்று, அந்த ஒலி ஓர் அறிவிப்பு மட்டுமே என்பது. அதற்கு மேல் இறுகாமல் தடுக்கும் அமைப்பு எதுவும் உள்ளே இல்லை. ஒலி கேட்ட பிறகும் “உறுதிக்காக” இன்னொரு முறை அழுத்தினால் இறுக்கம் கூடிக்கொண்டே போகும். நான் வாங்கிய கருவியில் 80-க்கு மேல் ஒலி தெளிவாகக் கேட்கிறது. 50-க்குக் கீழே அது மங்கி, உள்ளங்கையில் உணரும் சிறு தளர்ச்சியாக மட்டுமே தெரிகிறது. தெருவோரத்தில் பேருந்து கடக்கும் நேரத்தில் அதைத் தவறவிடுவது எளிது. அளவுக்கோடுகளின் அச்சும் எனக்கு நிறைவாக இல்லை. குழாயின் ஒருபுறம் நியூட்டன் மீட்டரும் மறுபுறம் அடி-பவுண்டும் ஒரே நிறத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. புறம் மாறி 85 வைத்தால், நட்டின் மேல் விழுவது 115 நியூட்டன் மீட்டர். வாங்கியவுடன் தேவையற்ற புறத்தின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுவது நல்லது.

அளவு சரியாக இருக்கிறதா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். முன்பு சொன்ன ஐ.எஸ்.ஓ. 6789 தரம் இக்கருவிகளை 12 மாதத்துக்கு ஒருமுறை அல்லது 5,000 முறை பயன்படுத்திய பிறகு மறுசோதனை செய்யச் சொல்கிறது. நாலாயிரம் ரூபாய்க் கருவியை ஆண்டுதோறும் அளவுத்திருத்தக் கூடத்துக்கு அனுப்புவது வீட்டுப் பயனாளருக்குக் கட்டுப்படியாகாது. அதற்குப் பதிலாக, ரெஞ்சின் சதுர முனையை வைஸில் பிடித்துக் கைப்பிடி கிடைமட்டமாக இருக்குமாறு நிறுத்தி, முனையின் மையத்திலிருந்து சரியாக 40 சென்டிமீட்டரில் முத்திரையிட்ட 20 கிலோ எடைக்கல்லை மெல்லத் தொங்கவிட்டேன். எடைக்கல் தருவது 78.5 நியூட்டன் மீட்டர். ரெஞ்சுக்கும் எடை உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது; ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த அதன் எடை, நடுப்பகுதியிலிருந்து இழுப்பதால் இன்னும் 3 நியூட்டன் மீட்டர் சேர்கிறது. ஆக மொத்தம் 81.5. நான்கு சதவீதப் பிழைக்கு இடம் கொடுத்தாலும், 78-இல் வைத்தால் கிளிக் கேட்டாக வேண்டும். 85-இல் வைத்தால் கேட்கக் கூடாது. இந்தக் கருவி இரண்டிலும் தேறியது. வாங்கிய புதிதில் செய்த சோதனையிலும், மழை முடிந்து செய்த சோதனையிலும் முடிவு மாறவில்லை. இந்த விலைக்கு இது பாராட்டத்தக்கது. எடைக்கல் கிடைக்காதவர்கள் மளிகைக் கடையின் மின்னணுத் தராசில் நிறுத்த மணல் வாளியைப் பயன்படுத்தலாம். கனம் மிகுந்த மணவாளக்குறிச்சிக் கருமணல் என்றால் வாளி சிறிதாக இருந்தாலும் போதும்!

இனி, இக்கருவியின் பெட்டியிலோ விளம்பரத்திலோ எழுதப்படாததும், எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு மிகவும் பொருந்துவதுமான விஷயத்துக்கு வருகிறேன். டார்க் ரெஞ்ச் அளப்பது நட்டைத் திருப்பத் தேவைப்படும் முறுக்குவிசையை. நமக்குத் தேவையானதோ, சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும் பிடிப்புவிசை. இரண்டும் ஒன்றல்ல. முறுக்குவதற்குச் செலவிடும் விசையில் ஏறத்தாழப் பாதி நட்டின் அடிப்பரப்பு உராய்விலும், சுமார் நாற்பது சதவீதம் மரைகளுக்கு இடையிலான உராய்விலும் போய்விடுகிறது. எஞ்சும் பத்துச் சதவீதம் அளவே ஸ்டட்டை இழுத்து இறுக்கத்தை உண்டாக்குகிறது. கையேட்டில் தரப்படும் 85 என்ற எண், சுத்தமான, உலர்ந்த, துருவில்லாத மரையை மனத்தில் வைத்துக் கொடுக்கப்பட்டது. துருவால் இந்த இரு உராய்வுகளும் இரு மடங்கானால், கருவி அதே 85-இல் கிளிக் சொன்னாலும் சக்கரத்தின் மேல் பிடிப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருக்கும். கருவி பொய் சொல்லவில்லை. அதனிடம் நாம் கேட்ட கேள்வியே வேறாகிவிட்டது.

கடலோரத்தில் நிற்கும் காரில் துருவில்லாத மரையைக் காண்பது அரிது. முட்டத்திலிருந்து தேங்காய்ப்பட்டணம் வரையான கரையில் அலை உடையும்போது எழும் நுண்துளிகள் காற்றோடு உள்ளே வந்து காரின் அடிப்பாகத்தில் உப்புப் படலமாகப் படிகின்றன. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கோ சுமார் 33 சதவீதமே போதும். எனவே மழை இல்லாத மாதங்களிலும், வெயில் காயும் பகலிலும்கூட, அந்தப் படலம் முழுவதுமாக உலர்வதில்லை. திருநெல்வேலிப் பக்கத்துக் காரையும் குளச்சல் பக்கத்துக் காரையும் அருகருகே ஜாக்கியில் ஏற்றிப் பார்த்தால், ஒரே வயது என்று நம்ப முடியாது. ஆகவே டார்க் ரெஞ்சை எடுப்பதற்கு முன் வயர் பிரஷ்ஷை எடுக்க வேண்டும் என்பது இங்கே சடங்கல்ல. ஸ்டட்டின் மரையையும், நட்டின் கூம்பு அடிப்பரப்பு உட்காரும் சக்கரத் துளையையும் தேய்த்துத் துடைத்து, நட்டைக் கையாலேயே அடிவரை திருக முடிகிறதா என்று பார்த்த பிறகுதான் அளவுக்கு அர்த்தம் வருகிறது. கையால் போகாத நட்டு என்றால் நட்டையோ ஸ்டட்டையோ மாற்றுவதே முறை, விலை பெரிதல்ல.

துருவுக்குப் பயந்து மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவுகிறவர்கள் உண்டு. அது எதிர்த்திசைத் தவறு. உராய்வு மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலே, அதே 85-இல் பிடிப்புவிசை நாற்பது சதவீதம் போலக் கூடிவிடும். காலால் மிதித்து இறுக்கியதன் விளைவை நாம் கருவியை வைத்தே உண்டாக்கியவர்கள் ஆவோம். கையேடு எண்ணெய் பூசச் சொன்ன போல்ட்டுக்கு மட்டுமே எண்ணெய். மற்றவை உலர்ந்தே இருக்கட்டும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை அடிப்பாகத்தையும் சக்கர உட்புறத்தையும் நல்ல தண்ணீரால் கழுவுவது இந்தக் கருவியின் விலையைவிட அதிகப் பயன் தரக்கூடியது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இறுக்கும் முறையில் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. சக்கரம் தூக்கிய நிலையில் எதிரெதிர் நட்டுகளாகக் கையளவுக்கு இறுக்கி, தரையில் இறக்கிய பின் ரெஞ்சால் முடிக்க வேண்டும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பின் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். கழற்றுவதற்கு இதை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. பஞ்சர் கடையில் இறுக்கிய நட்டு 210-ஐத் தாண்டி நின்றால் உள்ளிருக்கும் வில்லும் நெம்புகோலும் கெடும். இக்கருவி வலஞ்சுழித் திசையில் மட்டுமே அளக்கும் என்பதையும், ராட்செட்டின் (தலையில் உள்ள, ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் பற்சக்கரத்தின்) பொத்தானைத் திருப்பினால் இடப்பக்கமும் சுழலுமே தவிர அங்கே அளவு கிடையாது என்பதையும் விற்பவர்கள் சொல்வதில்லை.

லோயர் ஆர்ம் புஷ் மாற்றியபோதுதான் கருவியின் குறையும் நிறையும் ஒன்றாகத் தெரிந்தன. புஷ் என்பது ரப்பர் உருளைக்குள் ஓர் உலோகக் குழாய். போல்ட் இறுகியதும் அந்தக் குழாய் காரின் சட்டமான சேஸிஸோடு பிணைந்துவிடும். அதன் பிறகு ஆர்ம் மேலும் கீழும் ஆடுவது ரப்பர் முறுக்குவதால் மட்டுமே நடக்கிறது. சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை முழுவதும் இறுக்கினால், கார் தரையில் இறங்கியவுடன் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையில் நின்று, மழைக்குப் பிந்தைய சாலைக் குழிகளில் சீக்கிரமே கிழிந்துவிடும். புதிய புஷ் ஓராண்டில் போய்விட்டது என்று புஷ்ஷைக் குறைசொல்கிறவர்களில் பலருக்கு உண்மைக் காரணம் இதுதான். ரப்பர் விளையும் மாவட்டத்தில் ரப்பரை இப்படிக் கொல்லக் கூடாது. ஆகவே காரின் எடை சக்கரத்தின் மேல் இருக்கும் நிலையில் கடைசி இறுக்கம் நடக்க வேண்டும். 47 சென்டிமீட்டர் நீளமுள்ள இந்த ரெஞ்ச், தரையில் நிற்கும் ஆல்டோவின் அடியில் நுழைந்து சுழல இடம் போதாது. இதன் ராட்செட்டில் இருப்பதோ 24 பற்கள்; அடுத்த பல்லைப் பிடிக்க 15 பாகை வீச வேண்டும். நான்கு டயருக்கும் அடியில் தடித்த அயனிப் பலகைகளை இரண்டிரண்டாக அடுக்கி, காரை அவற்றின் மேல் ஓட்டி ஏற்றி, எதிர்ச் சக்கரங்களுக்கு அடைகொடுத்த பிறகே வேலை நடந்தது. அந்த இடத்தில் 72 பற்கள் கொண்ட, சற்று விலை கூடிய வகை இருந்திருந்தால் பாதி நேரம் மிச்சமாகியிருக்கும். எப்படியானாலும் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள்.

அளவெல்லை குறித்து ஒரு முக்கியமான எச்சரிக்கை. இவ்வகைக் கருவிகள் தங்கள் உச்ச அளவில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே நம்பத்தக்கவை அல்ல. 210-இல் ஐந்தில் ஒரு பங்கு 42 என்பதால்தான் கோடுகள் அங்கே தொடங்குகின்றன. ஆனால் வீட்டில் செய்யும் எஞ்சின் வேலைகளில் பெரும்பாலானவை அதற்குக் கீழேதான் இருக்கின்றன. ஆயில் வடிக்கும் பிளக் 35 அளவில் நிற்கும். 14 மில்லிமீட்டர் மரை கொண்ட ஸ்பார்க் பிளக் 25 முதல் 30 வரை. எஞ்சினின் மேல் மூடியின் சிறு போல்ட்டுகள் 10-ஐ ஒட்டி. அலுமினியத் தலையில் ஸ்பார்க் பிளக் மரை ஒருமுறை உரிந்துவிட்டால் லேத் பட்டறைக்குப் போய் உள்ளே புது மரைச் சுருள் வைக்க வேண்டியிருக்கும். அந்தச் செலவில் இது போல ஒரு ரெஞ்சே வாங்கலாம். எங்கே தவறினால் நஷ்டம் அதிகமோ அங்கேயே இந்தக் கருவி உதவாது என்பது இதன் பெரிய குறை. தயாரித்தவரைக் குற்றம் சொல்ல முடியாது, தேர்வு நம்முடையது. ஆனால் கடைக்காரர்கள் “காருக்கு அரை அங்குலம்தான்” என்று எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். ஸ்பார்க் பிளக்கைப் பொறுத்தவரை கருவியே இல்லாமலும் சமாளிக்கலாம். வாஷர் உள்ள புதிய பிளக்கைக் கையால் அடிவரை திருகி, பிறகு அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று வரை ஸ்பானரால் திருப்பினால் வாஷர் சரியாக அமுங்கும். பழைய பிளக் என்றால் பன்னிரண்டில் ஒரு சுற்றே போதும்.

ஓட்டம் மிகுந்த காரில் கருவி சொல்லாத இன்னொன்றும் உண்டு. பலமுறை அளவு மீறி இறுக்கப்பட்ட ஸ்டட் உள்ளுக்குள் நீளத் தொடங்கியிருந்தால், நட்டு சுழன்றுகொண்டே போகும், விசை ஏறாது, கிளிக் வராது. அந்த நேரத்தில் கிளிக்கை எதிர்பார்த்து முறுக்கிக்கொண்டே இருப்பவர் கையில் உடைந்த ஸ்டட்தான் மிஞ்சும். நட்டு உட்கார்ந்த பிறகு கால் சுற்றுக்கு மேல் விசை கூடாமல் சுழன்றால் நிறுத்திவிட்டு ஸ்டட்டை மாற்ற வேண்டும். இதை உணர்வது கைதான், தக்கலை அண்ணாச்சி சொன்னபடி.

கருவியின் உடல் குறித்துச் சில சொற்கள். குரோமியப் பூச்சு பளபளப்பாக இருந்தாலும் மெல்லியது. முதல் மழைக்காலம் முடிவதற்குள் சதுர முனையின் ஓரங்களில் துருப்புள்ளிகள் வந்துவிட்டன. பிளாஸ்டிக் பெட்டி ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கிறது. செருப்புப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சிப் பொட்டலங்களை உள்ளே போட்டு வைத்த பிறகு நிலைமை மேம்பட்டது. எங்கள் வீடுகளில் எதற்கும் தேங்காய் எண்ணெயை எடுத்துத் தடவும் பழக்கம் உண்டு. அது நாளடைவில் காறி அமிலத்தன்மை கொள்ளும் என்பதால் இதற்கு வேண்டாம். தையல் எந்திர எண்ணெய் தோய்ந்த துணியால் வெளிப்புறத்தைத் துடைத்தால் போதும். துருநீக்கும் ஸ்பிரேயை ரெஞ்சின் உள்ளே அடிக்கக் கூடாது. உள்ளிருக்கும் கிரீஸ் கரைந்து அளவு மாறிவிடும். வேலை முடிந்ததும் கைப்பிடியை மிகக் குறைந்த அளவான 42-க்குத் திருப்பி வைக்க வேண்டும், அதற்கும் கீழே தளர்த்திவிடக் கூடாது.

ஒரு கருவிக்குத்தான் பணம் இருக்கிறது, எஞ்சின் வேலையும் செய்வேன் என்பவர், எட்டில் மூன்று பங்கு அங்குல முனையும் 20 முதல் 110 வரை அளவும் கொண்ட நடுத்தர ரெஞ்சைத் தேடுவது நல்லது. ஸ்பார்க் பிளக், ஆயில் பிளக், வீல் நட் மூன்றும் அதற்குள் அடங்கும். சக்கரமும் சஸ்பென்ஷனும் மட்டுமே தன் எல்லை என்பவர் இப்போது நான் மதிப்பிட்ட இதையே வாங்கலாம். திறந்த கொட்டகையில் கருவிகளைப் போட்டு வைக்கும் கடலோர வீட்டுக்காரருக்கு, வில்லோ பற்களோ இல்லாமல், வளையும் கம்பியும் ஒரு முள்ளும் மட்டுமே கொண்ட பழைய பீம் வகை இன்னும் பொருத்தம். விலை குறைவு, உப்பு அதை எளிதில் கெடுக்காது, முள் சுழியத்தில் நின்றால் அளவும் சரியாக இருக்கும். காருக்கு அடியில் படுத்துக்கொண்டு அந்த முள்ளைப் படிப்பதுதான் சிரமம். அதற்கு ஒரு கைவிளக்கும், பிடிக்க இன்னொருவரும் வேண்டியிருக்கும்.